கொல்லிமலையில் எத்தனை சென்ட் சிமெண்டு?

மழை பெய்தால் எல்லாருக்கும் சந்தோஷம். குடியானவனுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால், பெய்த மழை எங்கே போயிற்று என்று நாம் கேட்பது இல்லை.

மழைத் தண்ணீருக்கு மூன்று வழிகள் உண்டு. மண்ணுக்குள் இறங்கலாம். ஆவியாகி மேலே போகலாம். இரண்டும் முடியாவிட்டால், தரைமேல் ஓடலாம்.

மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் கிணற்றில் ஊறுகிறது. மலைச் சரிவில் ஊற்றாகக் கசிகிறது. தரைமேல் ஓடிய தண்ணீர் ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. அதிலும் தப்பு இல்லை. ஆறு என்றால் ஓடத்தான் வேண்டும். ஆனால், பத்து நாளில் ஓட வேண்டிய தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் ஓடி வந்தால்? அதன் பெயர் வெள்ளம். பதினோராம் நாள் அந்த ஆற்றில் என்ன இருக்கும்? மணல் இருக்கும்.

ஆகவே, எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஓடும் என்று கணக்குப் போடுவது அவசியம். இந்தக் கணக்கை இப்போது ஆகாயத்தில் இருந்து போடுகிறார்கள். செயற்கைக் கோள் பூமியைப் படம் பிடிக்கிறது. ஓர் ஊரில் எவ்வளவு இடத்தைச் சிமெண்டும் தாரும் மூடியிருக்கின்றன என்று அந்தப் படத்தை வைத்து அளக்கிறார்கள். மழை பெய்தால் அங்கிருந்து எவ்வளவு தண்ணீர் ஓடி வரும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்.

பட்டணங்களுக்காக ஏற்பட்ட கணக்கு இது. இதைக் கொல்லிமலைக்கும் போட வேண்டும் என்கிறோம் நாம். "மலையில் ஏதய்யா சிமெண்டு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

சிக்கனக்காரக் காடு

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஏறிவிட்டால், மேலே ஊர்களும் வயல்களும் பரந்து கிடக்கின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று அவற்றுக்குப் பெயர்.

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, வாழை, பலா, மிளகு, காப்பி எல்லாம் அவர்கள் உழைப்பில் விளைகின்றன.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. அது சுமார் 300 அடி உயரத்தில் இருந்து கீழே விழும் இடம்தான் ஆகாய கங்கை அருவி. அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போதுதான் சங்கதி தெரியும்! ஐயாறு மலையை விட்டு இறங்கி, புளியஞ்சோலை வழியாகத் துறையூர், முசிறி வட்டாரங்களுக்குப் போய், காவிரியில் கலக்கிறது. கொல்லிமலையில் பெய்த மழையைத் திருச்சி மாவட்டத்து வயல்கள் குடிக்கின்றன.

மழை நின்று பல நாள் ஆன பிறகும் மலை ஓடையில் தண்ணீர் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? காடு கொடுக்கிறது. மழைத் துளியை முதலில் இலை தாங்குகிறது. துளியின் வேகம் குறைகிறது. கீழே சருகு மெத்தை போலக் கிடக்கிறது. அதற்கும் கீழே வேரும், மண்புழுவும், எறும்பும் போட்ட ஆயிரம் துளைகள். தண்ணீர் அவற்றில் மெதுவாக இறங்குகிறது. பிறகு மெதுவாகவே வெளியே வருகிறது.

சிக்கனமான குடும்பத் தலைவியைப் பாருங்கள். சம்பளப் பணம் கைக்கு வந்ததும் அரிசிப் பானையில் கொஞ்சம், அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் என்று ஒதுக்கி வைப்பாள். மாதக் கடைசியில் அது கை கொடுக்கும். காடு அவளைப் போன்றது. சிமெண்டுத் தரையோ, சம்பளம் வாங்கிய அன்றே சீட்டாட்டத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆசாமி.

தரைக்கு மார்க்

இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது.

1950-களில் அமெரிக்காவின் மண் பாதுகாப்பு இலாகா ஒரு முறையைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வகைத் தரைக்கும் 100-க்குள் ஒரு மார்க் கொடுத்தார்கள். மார்க் அதிகம் என்றால் அந்தத் தரையில் இருந்து ஓடும் தண்ணீரும் அதிகம். பள்ளிக்கூடத்து மார்க்குக்கு இது நேர் எதிர். இங்கே நிறைய மார்க் வாங்கிய பையன்தான் மோசமான பையன்!

சிமெண்டு, தார் ரோடு, கூரை ஆகியவற்றுக்கு 98 மார்க். சுமாரான மண்ணில் நன்றாக வளர்ந்த காட்டுக்கு 55. அதே மண்ணில் வரிசை வரிசையாகப் பயிர் வைத்த வயலுக்கு 78.

இப்போது 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 100 மில்லிமீட்டர். இந்த மார்க்குகளை வைத்துக் கணக்குப் போட்டால், சிமெண்டில் இருந்து 94 மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது. பயிர் வயலில் இருந்து 47 ஓடுகிறது. காட்டில் இருந்து 13 மட்டும் ஓடுகிறது.

மில்லிமீட்டர் புரியவில்லையா? குடத்தில் சொல்லுவோம். ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கர் காட்டில் இருந்து 3,500 குடம் தண்ணீர் ஓடும். அதே ஒரு ஏக்கரைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டால் 25,000 குடம் ஓடும். ஒரே மேகம். ஒரே மழை. ஏழு மடங்கு வித்தியாசம்!

இன்னும் ஒரு சங்கதி. மழை பாதியாகக் குறைந்தால் வித்தியாசம் குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது. 5 சென்டிமீட்டர் மழையில், சிமெண்டில் இருந்து 44 மில்லிமீட்டர் ஓடுகிறது. காட்டில் இருந்து அரை மில்லிமீட்டர்கூட ஓடுவதில்லை. காடு ஏறக்குறைய எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது. ஆக, சிமெண்டு செய்யும் கெடுதல், நூற்றாண்டுக்கு ஒரு முறை வரும் பேய் மழையைவிட, வருஷா வருஷம் வரும் சாதாரண மழையில்தான் அதிகம்.

இந்த மார்க்குகள் அதிகச் சரிவு இல்லாத நிலத்துக்கு ஏற்பட்டவை. செங்குத்தான மலையில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும். அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கை மறந்த பட்டணம்

இந்தக் கணக்கைக் கவனிக்காமல் ஊரைக் கட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நம் தலைநகரத்தையே பார்க்கலாம்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் ரோடு என்று அர்த்தம். ரோட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி இல்லை! அங்கே நீளமாக ஓர் ஏரி இருந்தது. 1920-களில் அதை வடித்துவிட்டுத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதன் பிறகு, தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைக் காலத்தில் தென் சென்னையின் தண்ணீரைத் தாங்கி வைத்திருந்த பெரிய பள்ளம் அது. அதில் பெரும் பகுதி குப்பை மேடாகவும், கட்டடமாகவும், ரோடாகவும் ஆகிவிட்டது. எஞ்சியதை 2022-ஆம் ஆண்டு ராம்சார் என்ற சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டுக்குள் எல்லாம் போன பிறகு வாசலுக்குப் பூட்டுப் போட்டது போல என்றாலும், போட்டது நல்லதே.

2015 டிசம்பர் முதல் தேதி. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். விமான நிலையத்தைப் பல நாட்கள் மூட வேண்டியதாயிற்று. அந்தப் பருவ மழையில் தமிழ்நாட்டில் 400 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். 49 சென்டிமீட்டர் மழை பெய்தால், காடாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஓடத்தான் செய்யும். எல்லாப் பழியையும் சிமெண்டின் தலையில் போட முடியாது. ஆனால், 2015-க்குப் பிறகும் சாதாரண மழைக்கே தெருக்கள் குளமாகின்றனவே! அதற்குப் பேய் மழையைக் காரணம் காட்ட முடியுமா?

வெள்ளத்துக்குப் பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்களும், அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்னைக்கு ஒரு வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாட்டைச் செய்தன. 2019-இல் அது நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு மழை பெய்தால் இன்ன வட்டாரத்தில் இவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் சென்னை மிதந்தது. முன்னறிவிப்பு எச்சரிக்கும். வடித்த ஏரியைத் திருப்பித் தராது. கணக்கைக் கட்டடம் எழும்பிய பிறகு போடுவதற்கும், கட்டுவதற்கு முன் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சென்னைக்கு முந்திக் கொள்ள வழி இல்லை. கொல்லிமலைக்கு இருக்கிறது.

ஆகாயத்தில் இருந்து எப்படித் தெரியும்?

1957-இல் ரஷ்யா முதல் செயற்கைக் கோளை விட்டது. நம் நாட்டுச் செயற்கைக் கோளான ஆரியபட்டா 1975-இல் ஏறியது. பூமியைப் படம் பிடித்து நம் மண்ணையும் பயிரையும் ஆராய்வதற்கென்றே 1988 மார்ச் 17-ஆம் தேதி ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற கோளை இந்திய விஞ்ஞானிகள் அனுப்பினார்கள்.

செயற்கைக் கோள் எடுக்கும் படம் கல்யாணப் போட்டோ மாதிரி அல்ல. பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தில் இருந்தும் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று எண்ணாக எழுதி அனுப்பும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் அதற்குத் தெரியும். சிவப்புக்கு அப்பால் ஓர் ஒளி இருக்கிறது. பச்சை இலை அந்த ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. சிமெண்டு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே, எண்ணைப் பார்த்ததும், "இது தோப்பு, இது குளம், இது மாடி வீடு" என்று கம்ப்யூட்டர் பிரித்துவிடும்.

கட்டம் எவ்வளவு பெரியது? 1988-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் ஒரு காமிராவுக்கு ஒரு கட்டம் என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அதில் ஒரு தெருவே அடங்கிவிடும். இன்று ஐரோப்பியர்களின் சென்டினல்-2 கோள்கள் எடுக்கும் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்ளலாம். 2019-இல் இந்தியா விட்ட கார்ட்டோசாட்-3 இன்னும் கெட்டிக்காரக் கோள். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தைக்கூட அது பிரித்துப் பார்க்கும்.

இரண்டரை சென்ட் கட்டத்துக்குள் பாதி ஓட்டு வீடு, பாதி தென்னை மரம் இருந்தால்? 1995-இல் அமெரிக்கப் புவியியல் பேராசிரியர் ரிட் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஊரில் உள்ள எந்தக் கட்டத்தையும் செடி, மூடிய தரை, மண் என்று மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்றார். பால் கலந்த தண்ணீரைப் பார்த்து, பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லுவதைப் போன்றது அது.

பங்கு தெரிந்துவிட்டால் மார்க் போடலாம். மார்க் போட்டுவிட்டால் ஓடும் தண்ணீரைக் கணக்கிடலாம். மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்தால், தண்ணீர் எந்த வழியாக எந்த ஓடைக்குப் போகும் என்றும் சொல்லலாம். மேடு பள்ளத்தையும் செயற்கைக் கோள்களே அளந்து கொடுத்திருக்கின்றன. 2005-இல் இந்தியா விட்ட கார்ட்டோசாட்-1 இரண்டு காமிராக்களை வைத்துக்கொண்டு, நம் இரண்டு கண்களைப் போல உயரத்தை அளந்தது.

பாறை ஏமாற்றும்

மலைக்கு வந்தால் இந்த ஆகாயக் கண் சில இடங்களில் ஏமாந்து போகும். அதைச் சொல்லாமல் விடுவது சரி அல்ல.

முதலாவது, வெறும் பாறை. மேலே இருந்து பார்த்தால் பாறையும் காங்கிரீட்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். மரவள்ளி பிடுங்கிய காய்ந்த வயலும் அப்படியே. கம்ப்யூட்டர் அதையும் கட்டடம் என்று எழுதிவிடும்.

இரண்டாவது, நிழல் மரம். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றுகிறார்கள். காப்பிக்கும் நிழல் வேண்டும். அந்த மரங்களின் அடியில் போகும் ரோடு ஆகாயத்துக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் அதைக் காடு என்று எழுதிவிடும்.

மூன்றாவது, மேகம். மழைக் காலத்தில் மலை முகத்தைக் காட்டுவதே அபூர்வம். மேகத்தையும் துளைத்துப் பார்க்கும் ரேடார் கோள்கள் இதற்கு உதவும். இந்தியா 2012-இல் ரிசாட்-1 கோளை விட்டது. அமெரிக்காவோடு சேர்ந்து செய்த நிசார் கோள் 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏறியது.

இந்தத் தொல்லைகள் இருப்பதால் மலையை அளக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். கொல்லிமலைக் காடுகளைச் செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டிலேயே 'கரன்ட் சயின்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். காட்டை அளந்த கண்ணுக்குச் சிமெண்டை அளக்கத் தெரியாதா?

ரோடு வேண்டாமா?

இனி, முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். மலையில் சிமெண்டு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? 280 சதுர கிலோமீட்டரில் அது கொஞ்சம்தானே?

மொத்த மலையோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால், ஓடை மொத்த மலையில் இருந்து தண்ணீர் வாங்குவது இல்லை. தன் தலைக்கு மேல் உள்ள சின்னச் சரிவில் இருந்து வாங்குகிறது. ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மூடப்பட்டாலே அந்த ஓடையின் நலம் கெடத் தொடங்குகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கரை அரிக்கும். தண்ணீர் கலங்கும். கோடையில் வறண்டு போகும். நூறு ஏக்கர் சரிவில் பத்து ஏக்கர். இரண்டு மூன்று தங்கும் விடுதிகள், அவற்றுக்குக் கார் நிறுத்தும் இடம், ஒரு கடைத் தெரு. பத்து ஏக்கர் நிறைந்துவிடும். ஊர் ஜனங்கள் வருகிறார்கள், அருவி பார்க்கிறார்கள், தங்க இடம் கேட்கிறார்கள். கட்டடம் எழும்பத்தான் செய்யும்.

மலை ரோடு இன்னொரு விஷயத்தில் பொல்லாதது. சரிவை வெட்டி ரோடு போடுகிறோம். மேலே இருந்து பரவலாக வரும் தண்ணீரை ரோட்டு ஓரத்துக் கால்வாய் மடக்கிப் பிடிக்கிறது. பிடித்த தண்ணீரை எல்லாம் ஒரு சிறு பாலத்தின் வழியாக ஒரே இடத்தில் கொட்டுகிறது. நூறு இடத்தில் நூலாக இறங்க வேண்டிய தண்ணீர், ஓர் இடத்தில் கயிறாக இறங்குகிறது. அந்த இடத்தில் மண் அரித்துப் பள்ளம் விழுகிறது.

அதற்காக மலைமக்களுக்கு ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பட்டணத்துச் சோம்பேறியின் பேச்சு. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அறுவடை செய்த மிளகும் வாழையும் சந்தைக்குப் போக வேண்டாமா? ரோடு வேண்டும். தண்ணீர் இறங்கும் வழியைப் பார்த்துப் போட்ட ரோடாக அது இருக்க வேண்டும்.

சிமெண்டு ஒன்றுதான் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவிவிட்டது. மாவு ஆலைக்குப் போட்டால் கையில் காசு வருகிறது. குடியானவன் அதை விதைப்பதில் ஆச்சரியம் என்ன? ஆனால், காட்டுக்கு 55, வரிசைப் பயிருக்கு 78 என்ற மார்க்கை மறக்கக் கூடாது. வயலை மறுபடி மாற்ற முடியும். ஒரு பருவம் போதும். சிமெண்டைப் பெயர்த்து எடுத்தவர்களை நாம் அதிகம் பார்த்தது இல்லை.

பெர்லினில் ஒரு கட்டணம்

சிமெண்டைப் பெயர்க்க வைக்கும் உபாயம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லின் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் மழைத் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். மனையில் எத்தனை சதுர மீட்டரை நீங்கள் மூடியிருக்கிறீர்களோ, அதற்கு ஏற்ற கட்டணம். முற்றத்துச் சிமெண்டை எடுத்துவிட்டுப் புல் வைத்தால் கட்டணம் குறையும். ஜெர்மனியின் பல ஊர்களில் இப்படித்தான். மூடிய இடத்தை ஆகாயத்தில் இருந்து எடுத்த படங்களைக் கொண்டு அளக்கிறார்கள். பொய் சொல்லித் தப்ப முடியாது!

கொல்லிமலைக் குடியானவனுக்கு அப்படி வரி போடுங்கள் என்று யாரும் வாய் தவறியும் சொல்லிவிட வேண்டாம். அவன் வீட்டுக் கூரையும் மிளகு காயப் போடும் களமும் மலையைக் கெடுத்துவிடாது. பெரிய விடுதிக்காரரைக் கேட்க வேண்டும். "உம்முடைய கூரையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் விழும் மழை எங்கே போகும்? படத்தில் காட்டும்" என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் கட்டாயம் ஆக்கியது. சட்டம் புதிதாக வேண்டியது இல்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது 9,300 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர்! அதைப் பிடிக்கத் தொட்டி கட்டலாம். கார் நிறுத்தும் இடத்தில் காங்கிரீட்டுக்குப் பதில், நடுவில் புல் முளைக்கும் ஓட்டைக் கற்களைப் பதிக்கலாம்.

ஒவ்வோர் ஓடைக்கும் தனித் தனியாக, அதன் சரிவில் எத்தனை சென்ட் மூடப்பட்டிருக்கிறது என்ற வரைபடம் செம்மேட்டில் உள்ள ஊராட்சி ஒன்றிய அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்று ஏறிவிட்ட ஓடைக்குச் சிவப்பு மை. அந்தச் சரிவில் புதுக் கட்டடத்துக்கு மனு வந்தால், அதிகாரி முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், பிறகு பேனாவை எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிய படம் வாங்கிப் பழைய படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பாறை ஏமாற்றும் என்றோமே, அதற்கு விஞ்ஞானியைவிட உள்ளூர்க்காரர்களே நல்ல வைத்தியர்கள். படத்தைப் பெரிதாக அச்சடித்து, மேஜைமேல் விரித்து, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். "இந்த வெள்ளைப் புள்ளி என்ன பாட்டி?" என்று கேட்டால், "அது பாறை தம்பி, கேழ்வரகு காயப் போடுகிற பாறை" என்று அவள் சொல்லிவிடுவாள். இந்த மரத்துக்கு அடியில் ரோடு போகிறது, அந்த மூலையில் புதிதாக விடுதி வந்திருக்கிறது என்று பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டுவார்கள். வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் இறங்குகிறது. கோடை விடுமுறையில் ஆரம்பித்தால், முதல் மழைக்கு முன்னால் சுவரில் மாட்டிவிடலாம்.